சொட்டு நைனா போட்ட கோடு

நாமெல்லாம் ஆளை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறோம். சொட்டு நைனா அதை ஒரு மட்டமான முறை என்று நினைத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், ஏரிக்கரை ஓரமாகக் குடியிருந்த அத்தனை ஜனங்களையும் அவர் இடது கை மோதிர விரலை வைத்தே அறிந்திருந்தார். டீக்கடையில் பக்கத்தில் நின்றால் வணக்கம் கிணக்கம் எதுவும் வராது. உங்கள் இடது கையை எட்டிப் பார்ப்பார். "ஓ, நீயா! போன ஆவணில குளுந்துச்சே, இப்ப எப்டி கீது?" என்பார். முகமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு தடவை நான் மீசையை எடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். பட்டறை வாட்ச்மேன் யாரோ என்று நினைத்து என்னை கேட்டிலேயே நிறுத்திவிட்டான். சாயங்காலம் நைனா எதிரில் வந்தார். விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் விரலைப் பார்த்தார். "யாரோ புது ஆளு உன் விரல மாட்டிக்கினு வந்துட்டானோன்னு பாத்தேன் நைனா" என்றார்.

அவர் மலேரியா ஊழியர். பதினைந்து நாளைக்கு ஒரு முறை சைக்கிளில் வருவார். கேரியரில் ஒரு தகரப் பெட்டி. வீடு வீடாக நின்று, "ஊட்ல யாருக்காச்சும் ஜுரமா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால் போச்சு. பஞ்சால் விரல் நுனியைத் துடைத்து, ஊசியால் ஒரு குத்து குத்தி, வரும் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக்கொண்டு, கையில் நாலு கசப்பு மாத்திரையைத் திணித்துவிட்டுப் போவார். யாராவது விரலை மடக்கிக்கொண்டால் உடனே வேதனைப்படுவார். "ஒரே ஒரு சொட்டு நைனா! கொசுவுக்குக் குடுக்கற, எனக்குக் குடுக்க மாட்டியா?" கொடுத்துவிடுவோம். சொட்டு நைனா என்ற பேர் அப்படித்தான் நிலைத்தது. சொந்தப் பேரைக் கதவோரச் சுவரில் தேதியோடு கையெழுத்தாகப் போடுவார். ஆனால் அது அடித்துப் போட்ட கொசு மாதிரி இருக்கும், படிக்க முடியாது.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் ஒரு லேத்துப் பட்டறையில் டர்னர். குடியிருந்தது ஓனரம்மாவின் பன்னிரண்டு போர்ஷன்களில் நாலாவது. ஓனரம்மா அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நெல் விளைந்த இடத்தில் கம்பெனிகள் விளைந்துவிட்டதால், மிச்சமிருந்த நிலத்தில் நாற்று நட்ட மாதிரி வரிசையாகப் போர்ஷன்களை நட்டுவிட்டார். அவருக்குக் கணவர் ஒருவர் உண்டு. அவர் இந்தக் கதையில் பேச மாட்டார், அப்போதும் பேசவில்லை. பன்னிரண்டு போர்ஷனுக்கும் நடுவில் ஒரு கிணறு, அதற்கொரு மோட்டார், மொட்டை மாடியில் புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டி. தெருவிலேயே முதல் தொட்டி. வெள்ளிக்கிழமை தவறாமல் ஓனரம்மா ஏணியில் ஏறி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு வருவார். தொட்டிக்கு மூடி கிடையாது. "மூடி போட்டா தண்ணிக்கு மூச்சு முட்டும்" என்பது அவர் கட்சி.

எங்கள் வரிசையில் யாரிடமும் தெர்மாமீட்டர் இல்லை. ஜுரத்தைக் கம்பளியால் அளந்தோம்.

"இன்னாடா, எத்தினி கம்பளி?"

"ரெண்டு மாமே. முந்தாநேத்து மூணு."

நாலு கம்பளி ஜுரம் என்றால் நாலு வீட்டுக் கம்பளி என்று அர்த்தம். மற்ற மூன்று வீட்டிலும் அன்றைக்கு யாரும் குளிரக் கூடாது. ஏழாவது போர்ஷனில் அண்ணன், தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். மலேரியா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற மரியாதையுள்ள ஜுரம் அல்லவா? அண்ணன் குளிரும் நாளில் தம்பி தெளிவாக இருப்பான். தம்பி குளிரும் நாளில் அண்ணன். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஜாடை. தெளிவாக இருப்பவன் போய் மெஷினில் நிற்பான். அங்கே இரண்டு பேர் வேலை செய்ய வேண்டும் என்பதே ஃபோர்மேனுக்கு வெகு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

நைனா சுவரில் கோடு போட ஆரம்பித்ததற்குக் காரணம் அந்தத் தம்பிதான். ஒரு நாள் விரலை நீட்டிக்கொண்டே, "நீயும் வருசக்கணக்கா குத்திக்கினே கீறியே அண்ணாத்தே, ஜுரம் கொறையுதா ஏறுதா?" என்று கேட்டுவிட்டான். நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போகிற நடையில், வெள்ளையடித்த சுவரில், காவிக்கட்டியால் படுக்கையாக ஒரு கோடு, நெட்டையாக ஒரு கோடு இழுத்தார். படுக்கைக் கோட்டில் சித்திரை, வைகாசி என்று மாதங்கள். நெட்டைக் கோட்டில் ஜுரம் கண்ட தலைகள். பழைய நோட்டுகளைப் பார்த்து ஒவ்வொரு மாதத்துக்கும் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்தார். கோடு முதலில் தரையோடு தரையாக ஊர்ந்தது. நடுவில் ஓர் இடத்தில் தலை தூக்கியது. அதற்கப்புறம் ஏணி வைத்த மாதிரி ஏறிக்கொண்டே போனது.

"மேல இன்னா கோடுன்னு எய்தலையே நைனா?" என்று கேட்டேன்.

"ஊருக்கே தெரிஞ்ச ஜுரத்துக்குப் பேரு வேற எய்தணுமா?"

எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் பின்னால் வந்த பாதிச் சிக்கல் வந்திருக்காது.

அதற்கப்புறம் கோடு எங்கள் வரிசையின் சொத்தாகிவிட்டது. நைனா புதுப் புள்ளி வைக்கும் நாளில் கூட்டம் கூடும். "ஏறுது பாரு, ஏறுது பாரு!" என்று கை தட்டுவார்கள். பக்கத்துத் தெருக்காரன் யாராவது வாய் நீட்டினால், "உங்க தெருவு ஜுரம் ஒரு சாண் கூட இல்ல, பேச வந்துட்டான்" என்று அனுப்பிவிடுவார்கள். அதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பது எங்களுக்குத் தோன்றவேயில்லை.

தோன்றியது நைனாவின் ஆபீசருக்குத்தான். ஆபீஸ் சுவரிலும் இந்த மாதிரிக் கோடுகள் உண்டு, ஏரியாவுக்கு ஒன்று. எல்லாம் சமர்த்தாகப் படுத்துக் கிடக்க, எங்கள் ஏரியா மட்டும் எழுந்து நின்றது. ஆபீசர் கூப்பிட்டுக் கேட்டாராம்.

"எல்லார் ஏரியாவும் ஒழுங்கா இருக்கு. உன்னோடது மட்டும் ஏன்யா ஏறுது?"

"நான் மட்டும் குத்தறேன் சார்."

அது உண்மைதான். பக்கத்து ஏரியாவுக்கு ஒருத்தர் இருந்தார். சைக்கிளை டீக்கடையில் நிறுத்தி, டீ மாஸ்டர் விரலில் ஒரே குத்தாகக் குத்தி, இருபது தகட்டையும் அதிலேயே தேய்த்துக்கொண்டு போய்விடுவார். டீ மாஸ்டருக்கு ஜுரமே வந்ததில்லை. ஆகவே அந்த ஏரியாவுக்கும் வந்ததில்லை. உண்மையைச் சொன்னதற்கு நைனாவுக்குக் கிடைத்தது ஒரு கெடு. பொங்கல் கழித்து ஆபீசர் நேரில் வருவார். அதற்குள் கோடு இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நைனாவுக்கு மலைப் பக்கம் மாற்றல்.

நைனாவுக்கு வெள்ளானூரில் சொந்தமாக ஒரு கூரை வீடு. மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் ஆயா. பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் போவதென்றால் அவர் தனியாகத்தான் போக வேண்டும். அதனால் எல்லோரும் ஒரே புத்தியைச் சொன்னோம்.

"நீ நாலு மாசம் குத்தாம இரு. கோடு தானா எறங்கிடும்."

"கண்ணாடிய ஒடச்சா மூஞ்சி நல்லாயிடுமா நைனா?" என்று கேட்டுவிட்டு, எனக்கே ஒரு குத்து குத்திவிட்டுப் போனார்.

இந்த நேரம் பார்த்து ஓனரம்மாவின் பெண் செல்வியைப் பார்க்க வேலப்பன்சாவடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பொல்லாத கிணற்றுப் பைத்தியம். அவர் வீட்டுக் கிணறு இரண்டு கோடையாக வற்றிப்போய், வேன் வைத்துத் தண்ணீர் அடித்து நொந்தவர். பஜ்ஜி, சொஜ்ஜி எதையும் தொடாமல் நேராகக் கிணற்றைப் பார்க்கப் போனவர், நடையில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது இன்னாம்மா, மாசமாப் போட்டு ஒரு கோடு ஏறிக்கினே போவுது?"

பெண் பார்க்க வந்தவரிடம் அது எங்கள் வீட்டு மலேரியா என்று எந்தத் தாய் சொல்லுவாள்? ஓனரம்மா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.

"அதுவா? எங்க கெணத்துத் தண்ணி மட்டம். மாசா மாசம் அளந்து எய்தி வெக்கறது. ஏறிக்கினேதான் கீது."

மாப்பிள்ளையின் அப்பா கோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "சித்திரையில கூட ஏறிக்கீதே!" என்றார். அந்தச் சமயத்தில் தகரப் பெட்டியோடு உள்ளே நுழைந்தார் சொட்டு நைனா. காவிக்கட்டியை எடுத்தார். கோட்டின் நுனிக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் புதுப் புள்ளி வைத்தார்.

"இந்த மாசமும் ஏறிப்போச்சும்மா" என்றார் துக்கத்தோடு.

"ஆகா!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "தண்ணி கீற ஊட்டுப் பொண்ணு. இதுக்கு மேல இன்னா பேச்சு? தையில வெச்சிக்கலாம்."

நைனா ஒன்றும் புரியாமல் சபையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கண் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது அவர் பார்வையில் பட்டுவிட்டது. "மாப்ள, கைய குடு." மாப்பிள்ளை பயந்துபோய் ஓனரம்மாவைப் பார்த்தார். "குடுங்க மாப்ள, எங்க ஊட்டு வழக்கம்" என்றார் ஓனரம்மா. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே எங்கள் வரிசைக்கு ரத்தம் கொடுத்த ஒரே மாப்பிள்ளை அவர்தான். அதில் மலேரியா இருந்தது என்று தெரிந்ததும் நைனா வேலப்பன்சாவடி வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் தலையை மட்டும் எங்கள் கோட்டில் சேர்க்கவில்லை. "அது அவுங்க ஊர்க் கொசு, நம்ம கணக்குல வராது" என்றார்.

தண்ணீர்க் கதை தெரிந்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் ஜுரத்த எய்திக்கினு கீறேன். நீ அத்த வெச்சி சம்பந்தம் பேசறியேம்மா!"

ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டிருந்தது. கோடு தலை தூக்கிய அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஏணியில் ஏறிவிட்டார். இறங்கும்போது கையில் ஒரு வெள்ளைக் கிண்ணம், அதில் தொட்டித் தண்ணீர். தண்ணீரில் ஊசி மாதிரிப் புழுக்கள்.

"சாக்கடைப் புயு தலகீயா தொங்கும். இத பாரு, தண்ணி மேல சொகமா படுத்துகினு கீது. இதான் மலேரியாக் கொசுவோட குஞ்சு. நீ தொட்டி கட்டின மாசந்தாம்மா கோடு ஏற ஆரமிச்சுது. ஒரு மூடி போட்டா போதும், தானா எறங்கிடும்."

ஓனரம்மா கிண்ணத்தைப் பார்த்த பார்வையில் புழுக்களே நெளிவதை நிறுத்திவிட்டன.

"யோவ் நைனா! நான் மஞ்சா குங்குமம் வெக்கற தொட்டிய பாத்து இன்னா பேச்சு பேசற? அப்டியே எறங்குதுன்னே வெச்சிக்க. கோடு எறங்கினா சம்பந்தி இன்னா நெனப்பாரு? கெணறு வத்திப்போச்சின்னு கல்யாணத்த நிறுத்திட மாட்டாரு?"

விஷயம் இப்படி முடிச்சு விழுந்து நின்றது. தைக்குள் கோடு இறங்காவிட்டால் நைனா மலைக்குப் போக வேண்டும். இறங்கிவிட்டால் செல்வி கல்யாணம் நிற்கும். எங்களுக்கு நைனாவும் வேண்டும், கல்யாணமும் வேண்டும்.

அடுத்த யோசனை என்னுடையது. இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒன்பதாவது போர்ஷனில் அம்மி என்று ஒருவன் இருந்தான். அச்சு வார்க்கும் பட்டறையில் வேலை. அம்மிக்கல் மாதிரி உடம்பு; ஜுரம் என்ற சொல்லுக்கு அவனுக்கு அர்த்தமே தெரியாது. பக்கத்து ஏரியாவின் டீ மாஸ்டர் செய்த வேலையை எங்கள் அம்மி செய்தால் என்ன? நைனாவுக்குத் தெரியாமலே நைனாவைக் காப்பாற்றிவிடலாம். கோட்டைச் சுவரில் எப்படியாவது நாங்கள் ஏற்றிக்கொள்வோம், நைனாவின் நோட்டில் மட்டும் இறங்கட்டும் என்று திட்டம்.

அந்த முறை நைனா வந்தபோது நிஜமாகவே ஜுரம் கண்டவர்களைக் கிணற்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். ஒன்றாவது போர்ஷனில் மூன்று கம்பளிக்கு அடியில் ஓர் உருவம். வெளியே இடது கை மட்டும் நீட்டியிருந்தது. நைனா விரலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குத்தி எடுத்துக்கொண்டார். அவர் வெளியே வந்து பேர் எழுதுகிற நேரத்தில் அம்மி பின்பக்கமாக ஓடி மூன்றாவது போர்ஷனில் படுத்தான். நைனா அங்கேயும் குத்தினார். அப்புறம் ஐந்தாவது போர்ஷன். அங்கே தலைமாட்டில் ஒரு பொம்பளையை உட்கார்த்தி, "என் மாமியாருங்க, ராத்திரியெல்லாம் பொலம்பல்" என்று சொல்ல வைத்திருந்தேன். கம்பளிக்குள்ளிருந்து அம்மி மெல்லிய குரலில் ஒரு முனகல்கூட முனகினான். நைனா அதற்கும் குத்தினார்.

ஏழாவது போர்ஷனில் கை நீண்டபோது அவர் ஊசியை எடுக்கவில்லை. குந்தினார். விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தடவிக் கொடுத்தார்.

"வலிக்குதா அம்மி? பாவம், வலது கைய குடு."

கம்பளி ஆடாமல் கிடந்தது. அப்புறம் உள்ளேயிருந்து, "எப்டி நைனா கண்டுபுட்ச்ச?" என்று ஒரு குரல்.

"மொத ஊட்லயே. உன் விரல் கருகின முறுக்கு மாதிரி கீது, ஊருக்கே ஒண்ணுதான் கீது."

"அப்பறம் ஏன் நாலு ஊடும் வந்த?"

"எத்தினி ஊடு ஓடறன்னு பாத்தேன்."

எல்லோரும் சிரித்தோம். நைனா சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, அம்மியின் மூன்று தகட்டையும் எடுத்துத் துணியால் துடைத்துவிட்டார். கிணற்றுக்குப் பின்னால் போய், அங்கே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொட்டு வாங்கினார். போகும்போது என்னிடம், "மலைக்குப் போனா போறேன் நைனா. அதுக்காக ஜுரத்துல கீறவன கெணத்துக்குப் பின்னால குந்த வெப்பியா?" என்றார்.

ஓனரம்மாவை அசைத்தது நாங்கள் யாருமில்லை, தையல்காரர். ஐப்பசியில் செல்வியின் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்தார். முதல் தடவை அளந்தார், எழுதினார். சந்தேகம் வந்து மறுபடி அளந்தார், வேறு எண் வந்தது. மூன்றாவது தடவை வேறு. "பாப்பா, கொஞ்சம் ஆடாம நில்லும்மா" என்றார். செல்வி ஆடவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தாள். ஓனரம்மா அவளை உள்ளே இட்டுக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். ஒரு கம்பளி, இரண்டு கம்பளி, பன்னிரண்டு போர்ஷனிலும் ஆள் அனுப்பி வாங்கி ஐந்து கம்பளி. எங்கள் வரிசையில் அதுவரை யாரும் எட்டாத உயரம்.

நைனாவை ஓனரம்மாவே கூப்பிட்டனுப்பினார். அவர் சொட்டு எடுத்து, மாத்திரை கொடுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் உள்ளேயிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தார்.

"இந்த ஜுரம் ஒரு நாள் உட்டு ஒரு நாள் வருது இல்ல? இன்னிலேந்து எண்ணிக்கினே வா. முகூர்த்தத்து அன்னிக்கு வருதா, மொத நாள் வருதா பாத்து சொல்லு."

"அப்டியெல்லாம் எண்ண முடியாதும்மா. மாத்திர சாப்ட்டா ஒரு வாரத்துல சரியாயிடும்."

"எண்ணுய்யா!"

நைனா எண்ணினார். பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக, கார்த்திகை தாண்டி, மார்கழி தாண்டி, விரலை வைத்துக்கொண்டே போனார். விரல் கடைசியில் வந்து நின்றது சரியாக முகூர்த்த நாளில். புழுவைக் கண்ணால் பார்த்தும் அசையாத ஓனரம்மா, பஞ்சாங்கத்தைப் பார்த்து அசைந்துவிட்டார்.

"இது சும்மா கணக்கும்மா. மாத்திரயில இது போய்டும்" என்றார் நைனா. பொய் சொல்லி அவரைப் பயமுறுத்தியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை. "ஆனா தொட்டி தொறந்து கெடந்தா புதுசா கடிக்கும். புதுசா வர்றது எந்த நாள்ல வரும்னு எனக்குத் தெரியாது."

"பொண்ணு தாலி கட்டிக்க சொல்லோ நடுங்கினா, சம்பந்தி தண்ணியாப் பாக்கப் போறாரு?" என்றார் ஓனரம்மா. திரும்பி என்னைப் பார்த்தார். "உங்க பட்டறையில தகடு கீதாப்பா?"

மூடியை நான்தான் செய்தேன். லேத்தில் உருண்டையாக எவ்வளவோ வெட்டியிருக்கிறேன். அவ்வளவு கவனமாக எதையும் வெட்டியதில்லை. தொட்டியைக் காய வைத்துத் தேய்த்துக் கழுவினோம். கிணற்றில் நைனா எங்கிருந்தோ பாலித்தீன் பையில் கொண்டு வந்த, கொசுப்புழு தின்னும் பொடி மீன்களை விட்டார். "இத்த வறுத்தா ஒரு வாய்க்குக்கூட வராதே" என்று அம்மி வருத்தப்பட்டான். மூடியை மூடி, காற்றில் பறக்காமல் நாலு செங்கல் வைத்தோம். ஓனரம்மா ஏறிப்போய், "மூச்சு முட்டினா சொல்லு" என்று தொட்டியிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன்.

கார்த்திகைப் புள்ளி கொஞ்சம் கீழே விழுந்தது. மார்கழிப் புள்ளி இன்னும் கீழே. கம்பளிகள் ஒவ்வொன்றாகச் சொந்த வீட்டுக்குத் திரும்பின. ஏழாவது போர்ஷன் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் கம்பெனிக்குப் போய், ஃபோர்மேனைக் கலங்கடித்தார்கள்.

பொங்கல் கழிந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. காலையில் ஆபீசர் ஜீப் வந்து நின்றது. அவர் நடையில் வந்து சுவர் முன்னால் நிற்கிறார். பின்னாலேயே, "கெணத்த ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று மாப்பிள்ளையின் அப்பா நுழைகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோட்டைப் பார்த்தார்கள்.

"இறங்கியிருக்கே!" என்றார் ஆபீசர், முகமெல்லாம் சிரிப்பாக.

"எறங்கிப்போச்சே!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, நெஞ்சில் கை வைத்து.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"இறங்கறது நல்லதுதானேய்யா?"

"எறங்கினா நல்லதா? நீ எந்த ஊரு சார்?"

ஓனரம்மா நடுவில் பாய்ந்தார். "சம்பந்தி, அது வந்து, இப்ப எய்தறது தண்ணி மட்டம் இல்ல. கயிறு. எத்தினி மொயம் கயிறு வுடணும்னு. கயிறு கொறஞ்சா தண்ணி மேல வந்துக்கீதுன்னு அர்த்தம்."

மாப்பிள்ளையின் அப்பா யோசித்தார். "அப்போ மின்ன ஏறிக்கினு இருந்துச்சே?"

"அது வேற கயிறு."

"என்ன கயிறு?" என்றார் ஆபீசர்.

மாப்பிள்ளையின் அப்பா சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் நைனாவிடம் வந்தார். "நைனா, கோடு போட்டவன் நீ. நீ சொல்லு, நான் நம்பறேன். எறங்கினது இன்னா?"

நைனாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது எங்கள் பன்னிரண்டு போர்ஷனுக்கும் தெரியும். செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நைனா அவளைப் பார்த்தார், ஆபீசரைப் பார்த்தார். கிணற்றடிக்குப் போய், வாளியை எடுத்து மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்தார்.

"என்னைக் கேக்காத. நீயே வுட்டுப் பாரு."

மழைக்காலம் முடிந்த தை மாதம். ஏரி நிரம்பி நின்றது. இரண்டு முழம் கயிறு விடுவதற்குள் வாளி தண்ணீரில் மோதிச் சத்தம் போட்டது. மாப்பிள்ளையின் அப்பா குனிந்து பார்த்தார். பொடி மீன்கள் மேலே வந்து அவரைப் பார்த்தன. "மீனு கூட வந்துட்ச்சே!" என்று கண் கலங்கிவிட்டார். அந்த ஆனந்தத்தில் அவர் கை நீண்டிருந்ததைப் பார்த்து, நைனா அதிலும் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. செல்வி நடுங்கவில்லை, மாப்பிள்ளைதான் கொஞ்சம் நடுங்கினார், அது ஜுரம் இல்லை. நைனாவின் மாற்றலும் நின்றது. கோடு இறங்கிவிட்டதால் ஆள் எங்களோடுதான் இருப்பார் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

அடுத்த வருஷம் ஆடி வந்தபோது புள்ளிகள் எல்லாம் அடிக்கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டன. எங்கள் ஏரியாவில் மலேரியா சைபர். இந்தத் தடவை சைபர் என்றால் நிஜமாகவே சைபர். ஆபீசரும் புத்திசாலிதான். ஜுரம் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட ஆள் எதற்கு என்று, கோடு ஏறிக்கொண்டிருந்த முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் நைனாவை மாற்றிவிட்டார்.

"நல்லதுதான் நைனா. வெள்ளானூர்லேந்து மிதிச்சா கால் மணி நேரம். பொண்ணு சாப்புட சொல்லோ நான் ஊட்ல இருப்பேன்" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். நல்லதுதான். நாங்களும் நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டு சைக்கிளைச் சுற்றி நின்றோம். ஓனரம்மா உள்ளேயிருந்து வந்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஈரம் போன பிறகும்.

"யோவ் நைனா" என்றார். "ஒரு மாசம் அந்த மூடிய தொறந்து வெக்கட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. நைனா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். ஏணியில் ஏறினார். மூடியை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த இன்னொரு செங்கல்லைத் தூக்கி, ஏற்கெனவே இருந்த நாலோடு ஐந்தாவதாக வைத்தார். இறங்கி வந்து, "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

சைக்கிள் தெரு முனையில் திரும்பி மறைந்த பிறகும் ஓனரம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நாங்களும்தான்.